உலகத்துலயே அதிகமா டயர் செஞ்ச கம்பெனி எது? எம்.ஆர்.எஃப் இல்ல மக்களே!

(கறுப்புத் திரை. டயர் உருளும் சத்தம்.)

ஒரு கேள்வி. கூகுள் பண்ணாம சொல்லணும். ஒரே வருஷத்துல உலகத்துலயே அதிகமா டயர் தயாரிச்சதுன்னு கின்னஸ்ல பேர் வாங்குன கம்பெனி எது?

பிரிட்ஜ்ஸ்டோன்? இல்ல. மிஷலின்? இல்ல. சச்சின் பேட்ல பார்த்த ஞாபகத்துல "எம்.ஆர்.எஃப்!"னு கத்துனவங்க, கொஞ்சம் உட்காருங்க. உங்ககிட்ட தனியா பேசணும்.

(நெருக்கக் காட்சி: உள்ளங்கையில் ஒரு குட்டிக் கறுப்பு டயர்.)

பதில் இதுதான். ஒரு ரூபாய் காசை விடச் சின்னது. லெகோ! ஆமா, பசங்க விளையாடுற, ராத்திரி பாத்ரூம் போறப்ப நம்ம கால்ல குத்துற அதே லெகோ. 2011ல மட்டும் 31 கோடியே 80 லட்சம் டயர். ஒரு நாளைக்கு எட்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நொடிக்குப் பத்து டயர் வருது. நான் "வணக்கம் மக்களே"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இருபது டயர் அச்சுல இருந்து விழுந்திருக்கும்.

வணக்கம் மக்களே.

"அதெல்லாம் டயரா தம்பி?"னு இப்பவே ஒருத்தர் கமெண்ட் டைப் பண்ணிட்டிருப்பார். எங்க தெரு பஞ்சர் கடை அண்ணன்கிட்ட இதைக் காட்டினேன். விரல் நுனியில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்தினார். "நல்ல ரப்பராத்தான் இருக்கு, பட்டன்கூட ஒழுங்கா வெட்டியிருக்கான், ஆனா இது வந்தா எங்க பொழப்பு என்னாவறது"ன்னார். டயர் மேல இருக்குற வரிப்பள்ளத்தை அவங்க பாஷையில பட்டன்னு சொல்லுவாங்க. பட்டன் இருந்தா டயர். அண்ணனே சொல்லியாச்சு, விவாதம் முடிஞ்சது.

இப்ப வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. இதுக்காகத்தான் இந்த வீடியோவே. நம்ம எம்.ஆர்.எஃப் எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? 1946. மெட்ராஸ், திருவொற்றியூர். கே.எம். மம்மன் மாப்பிள்ளைன்னு ஒருத்தர், ஒரு சின்ன ஷெட்ல ஒரு பொருள் தயாரிக்க ஆரம்பிக்கிறார். டயர் இல்ல. பலூன்! விளையாட்டு பலூன்! திருவிழாவுல குழந்தைங்க அழுது அடம் பிடிச்சு வாங்குமே, அந்த பலூன். அப்புறம் 1952ல தேய்ஞ்ச டயருக்கு மேல ஒட்டுற ரப்பருக்குப் போனார். 1960களோட தொடக்கத்துலதான் முழு டயர்.

இந்தப் பக்கம் டென்மார்க்ல லெகோ மரப்பொம்மையில ஆரம்பிச்சு, பிளாஸ்டிக் கட்டைக்கு வந்து, முதல் தடவையா சக்கரமும் ரப்பர் டயரும் போட்டது எப்போ? அதே 1960களோட தொடக்கம்! அதாவது, மெட்ராஸ்ல பொம்மைக் கம்பெனி ஒண்ணு டயர் பக்கம் வந்த சமயத்துலயே, டென்மார்க்ல இன்னொரு பொம்மைக் கம்பெனியும் டயர் பக்கம் வந்திருக்கு. ஒண்ணு லாரிக்கு. இன்னொண்ணு சோபாவுக்கு அடியில ஓடுற லாரிக்கு.

இருங்க, இன்னும் முடியல. 1987ல எம்.ஆர்.எஃப் குடும்பத்துல இருந்து ஒரு பொம்மைக் கம்பெனி வந்தது. ஃபன்ஸ்கூல். நம்மள்ல பாதிப் பேரோட பிறந்தநாள் பரிசு அங்கிருந்து வந்ததுதான். அந்த ஃபன்ஸ்கூல் ரொம்ப வருஷம் இந்தியாவுல எந்த வெளிநாட்டு பொம்மையை விநியோகம் பண்ணிட்டிருந்தது? சொல்லுங்க, சொல்லுங்க... லெகோ! பலூன்ல ஆரம்பிச்ச டயர் கம்பெனியோட பொம்மைக் கம்பெனி, உலகத்துலயே அதிகமா டயர் செஞ்ச பொம்மைக் கம்பெனியோட டயரை இங்க வித்துக்கிட்டிருந்தது. இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வீட்ல யாருக்கும் இது பெருசா தெரியல. உங்களுக்காவது தெரியுதான்னு கமெண்ட்ல சொல்லுங்க.

சரி, வரலாறு. அரை நிமிஷம்தான். 1932, டென்மார்க்ல பில்லுண்ட்னு ஒரு ஊர், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்னு ஒரு தச்சர். டேனிஷ்ல "லெக் கோட்" அப்படின்னா "நல்லா விளையாடு". அதைச் சுருக்கினது லெகோ. 1949ல பிளாஸ்டிக் கட்டை. அதோட மூலம் இங்கிலாந்துல ஹிலாரி ஃபிஷர் பேஜ்னு ஒருத்தர் ஏற்கெனவே செஞ்ச கட்டை. கம்பெனி விளம்பரத்துல அவர் பேரை நீங்க அவ்வளவா பார்க்க மாட்டீங்க, அதனால நான் சொல்லிட்டேன். 1958 ஜனவரி 28, ஓலேவோட மகன் கோட்ஃபிரெட் காப்புரிமைக்கு விண்ணப்பம் போடுறார். வரலாறு ஓவர்.

அந்தக் காப்புரிமையில என்ன இருந்ததுன்னுதான் கேட்கணும். கட்டையைத் திருப்பிப் பாருங்க.

(நெருக்கக் காட்சி: எட்டுக் குமிழ் கட்டையின் அடிப்பக்கம்.)

உள்ள மூணு குழாய் நிக்குது. 1949 கட்டையில இது கிடையாது, அடிப்பக்கம் வெறும் காலி. அதனால ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கலாம், ஆனா தட்டினா கொட்டிடும். குழாய் வந்ததும் கீழ்க்கட்டையோட தலையில நிக்கிற குமிழ், குழாய்க்கும் சுவருக்கும் நடுவுல போய் இறுக்கமா உட்காருது. அதான் அந்த "டிக்". குமிழோட விட்டம் 4.8 மில்லிமீட்டர். ஒரு குமிழ் நடுவுல இருந்து அடுத்த குமிழ் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையோட உயரம் 9.6. இந்த மூணு நம்பரை அவங்க சாமி மாதிரி காப்பாத்துறாங்க.

நம்ம வீட்டு எவர்சில்வர் டப்பா மூடியை நினைச்சுக்கோங்க. புதுசுல திறக்கணும்னா அப்பாவைக் கூப்பிடணும். பத்து வருஷம் ஆனா, டப்பாவைச் சாய்ச்சதும் மூடி ஒரு பக்கம், கடலை மாவு ஒரு பக்கம். லெகோக்காரங்களுக்குச் சவால் என்னன்னா, மூடி எப்பவும் ஒரே இறுக்கத்துல இருக்கணும். அஞ்சு வயசுப் பாப்பாவால பிரிக்க முடியணும், ஆனா தானா பிரியக்கூடாது. 1963ல இருந்து ஏ.பி.எஸ்னு ஒரு பிளாஸ்டிக் வந்ததும்தான் அது ஒழுங்கா நடந்தது. கொஞ்சமே கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துட்டுத் திரும்பத் தன் வடிவத்துக்கே வந்துடும். "1958 கட்டை இன்னிக்கு வாங்குன கட்டையில பொருந்தும்"னு எல்லாரும் சொல்லுவாங்க. அளவு அதேதான், நிஜம். ஆனா அந்தக் காலத்து பிளாஸ்டிக் வருஷம் ஆக ஆகக் கோணிக்கும்ங்கறதைச் சொல்ல மாட்டாங்க.

பலம் எவ்வளவுன்னு 2012ல இங்கிலாந்துல திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல சோதிச்சாங்க. நாலு குமிழ் கட்டை ஒண்ணு, சுமார் 430 கிலோ பாரம் வரைக்கும் தாங்கி, அப்புறம்தான் நசுங்குச்சு. அதாவது ஒரே ஒரு கட்டை மேல 3,75,000 கட்டையை அடுக்கலாம். உயரம் மூணரை கிலோமீட்டர்! நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஊட்டிக்குப் போய் தொலைநோக்கியில இன்னும் அண்ணாந்து பார்க்கணும். நடைமுறையில அதுக்கு ரொம்ப முன்னாடியே கோபுரம் ஆடிச் சாய்ஞ்சிடும், அது வேற விஷயம்.

எட்டுக் குமிழ் கட்டை, ஒரே நிறத்துல ஆறு எடுத்தா எத்தனை விதமா சேர்க்கலாம்? 91,51,03,765 விதமா. 91 கோடி! எனக்கு மூணாவது விதத்துலயே சலிச்சுடும்.

(குட்டி போலீஸ்காரர் பொம்மை மேசை மேல் வந்து நிற்கிறார்.)

இவர்தான் இந்த வீடியோவோட கதாநாயகன். மினிஃபிகர். 1978ல யென்ஸ் நிகார்ட் நுட்சன்னு ஒரு வடிவமைப்பாளர் கொண்டு வந்தது. உயரம் நாலு கட்டை. 1989ல கடற்கொள்ளைக்காரங்க வர்ற வரைக்கும் எல்லாருக்கும் ஒரே முகம்தான், ரெண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. திருடனும் சிரிப்பான், பிடிக்கிற போலீஸும் சிரிப்பார்.

இப்ப இவரோட முடியைக் கழட்டுறேன். தலை உச்சியில ஓட்டை தெரியுதா? குழந்தை முழுங்கித் தொண்டையில அடைச்சுக்கிட்டாக்கூட காத்து போக வழி இருக்கணும்னு வெச்சது. சரி, முழுங்கிட்டா என்ன ஆகும்? இதை 2018ல ஆறு குழந்தைகள் நல மருத்துவர்கள் சோதிச்சாங்க. எப்படி? அவங்களே முழுங்கி! ஆளுக்கு ஒரு மஞ்சள் தலை. அப்புறம் தினமும் அவங்கவங்க... புரிஞ்சிருக்கும். தேடணும். மருத்துவ இதழ்ல கட்டுரையா வந்தது. சராசரியா 1.71 நாள்ல தலை வெளிய வந்துடுச்சு. கண்டெடுக்க ஆன நேரத்துக்கு அவங்க ஒரு பேர் வெச்சாங்க, அதைச் சுருக்கினா "ஃபார்ட்"னு வரும். தமிழ்ல சொன்னா இந்த வீடியோவுக்கு விளம்பரம் வராது. ஆறுல ஒருத்தரோட தலை மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. முழுங்குன குழந்தையோட பெத்தவங்க இப்படித் தேடத் தேவையில்லைன்னு டாக்டர்களே சொல்லிட்டாங்க. அதுக்காக யாரும் வீட்ல முயற்சி பண்ணாதீங்க. சின்னக் குழந்தை எதையாவது முழுங்கினா நேரா டாக்டர்கிட்ட போங்க. யூடியூபுக்கு வராதீங்க.

சேகரிக்கிறவங்க தனி உலகம். சின்ன வயசுல விளையாடி, நடுவுல படிப்பு, வேலை, கல்யாணம்னு கட்டையைப் பரண்ல போட்டுட்டு இருக்கிற வருஷங்களுக்கு அவங்க வெச்ச பேர் "இருண்ட காலம்". நமக்கு இருண்ட காலம்னா பள்ளிக்கூடத்து சமூக அறிவியல், களப்பிரர். எனக்கும் ஒரு களப்பிரர் காலம் இருந்தது, பதினாலு வருஷம். முடிவுக்கு வந்தது ஒரு மாலுக்குள்ள. 2010ல இருந்து குட்டி ஆளுங்களை உள்ள யார்னு தெரியாத பாக்கெட்ல போட்டு வித்தாங்க. ஒரு வரிசைக்குப் பெரும்பாலும் பதினாறு பேர். பத்தாவது வரிசையில தங்க நிறத்துல ஒருத்தர் இருந்தார், உலகம் முழுக்க 5,000 மட்டும். அவர் எந்தப் பாக்கெட்ல? யாருக்கும் தெரியாது. அதனால கடையில நின்னு ஒவ்வொரு பாக்கெட்டா அமுக்கி, இது கேடயம், இது தொப்பி, இது வாழைப்பழம்னு தடவிப் பார்ப்போம். வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பார்க்கிற மாதிரிதான். செக்யூரிட்டி அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துட்டுப் பக்கத்துல வந்து, "சார், உள்ள என்ன தேடுறீங்க?"ன்னார். "தவளை"ன்னேன். ஒண்ணும் பேசாம போயிட்டார்.

2023ல பாக்கெட்டை நிறுத்தி அட்டைப்பெட்டி கொண்டு வந்தாங்க. அமுக்க முடியாது. விட்டாங்களா? கிராம் தராசோட கடைக்கு வர ஆரம்பிச்சாங்க.

இங்க லெகோ விலை ஏன் இவ்வளவு அதிகம்? இறக்குமதி வரி ஒரு காரணம். பொம்மைக்கு 20 சதவீதமா இருந்தது 2020ல 60, 2023ல 70. அவ்வளவுதான், அரசியல் பேசல.

ஒரு கப்பல் கதையையும் சொல்லிடுறேன். 1997 பிப்ரவரி 13. டோக்கியோ எக்ஸ்பிரஸ்னு ஒரு கப்பல், இங்கிலாந்தோட தென்மேற்கு முனைக்குப் பக்கத்துல பெரிய அலையில மாட்டி 62 கன்டெய்னர் கடலுக்குள்ள விழுந்தது. அதுல ஒண்ணுல சுமார் 48 லட்சம் லெகோ துண்டு. கொடுமை என்னன்னா, அதுல நிறைய கடல் சம்பந்தப்பட்டது. நீச்சல் துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ஆக்டோபஸ். இன்னிக்கும் அந்த முனையில இருக்கிற கார்ன்வால் கரையில பொறுக்குறாங்க. கறுப்பு ஆக்டோபஸ் கிடைச்சா அன்னிக்கு அவங்க வீட்ல தீபாவளி.

(புகைப்படம்: கொலுப்படி.)

இது எங்க வீட்டு கொலு. கீழே பார்க் தெரியுதா? கேழ்வரகு முளைக்க வெச்ச புல்வெளி, கண்ணாடித் துண்டுல குளம். செட்டியார் பொம்மை கடைக்குப் பக்கத்துல நிக்கிறார் பாருங்க, நம்ம 1978 மாடல் போலீஸ். அம்மா என்கிட்ட கேட்காமலே எடுத்து வெச்சுட்டாங்க. "கூட்டம் வந்தா ஒழுங்கு பண்ண ஒரு ஆள் வேணாமா"ன்னாங்க. செட்டியார் இவரை விட நாலு மடங்கு பெருசு. அதனால என்ன, சிரிச்சுக்கிட்டேதான் நிக்கிறார்.

பின்னாடி ஜீப் இருக்கு, பெருசாக்கிக் காட்டுறேன். முன் சக்கரத்தைப் பாருங்க. ஒரு டயர் காணோம். வீட்டைப் பெருக்கும்போது எங்க போச்சோ. 31 கோடியே 80 லட்சத்துல ஒண்ணு. அம்மா அந்த இடத்துல பெரிய சைஸ் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணை ஒட்டி வெச்சிருக்காங்க. வெத்தலை பாக்கு வாங்கிக்க வந்த யாருமே கண்டுபிடிக்கல.