சிபைத்தான் பில்ட்: பச்சைனு நம்பிடாதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு பைத்தானோட சோர்ஸையே, அதாவது சி மொழியில எழுதின சிபைத்தானை, உபுண்டு லினக்ஸ்ல பில்ட் பண்றோம். கமாண்ட் எல்லாம் ஸ்க்ரீன்ல வரும்.

கிட்ஹப்ல ஃபோர்க் பண்ணி, அதாவது உங்க அக்கவுண்ட்ல ஒரு காப்பி எடுத்து, அந்த ஃபோர்க்கை உங்க மெஷினுக்கு குளோன் பண்ணுங்க. மெயின் ரெப்போவை அப்ஸ்ட்ரீம்னு ரிமோட்டா சேர்த்துக்கோங்க. நெட் ஸ்லோவா இருக்குன்னு குளோன்ல டெப்த் 1 மட்டும் போடாதீங்க, அது கடைசி கமிட்டை மட்டும்தான் இழுக்கும். ஹிஸ்டரி வராது, அப்புறம் ஒரு வரி ஏன் அப்படி எழுதியிருக்குன்னு கிட் பிளேம் (எந்த வரியை யார், எப்போ மாத்தினாங்கன்னு காட்டுற கமாண்ட்) போட்டாலும் தெரியாது. டபிள்யூஎஸ்எல்காரங்க, அதாவது விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுறவங்க, லினக்ஸ் ஹோம்குள்ளயே வைங்க. சி டிரைவ்ல வெச்சா பில்ட் ஊர்ந்துதான் போகும்.

அடுத்து கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், கூட வித்-பைடீபக் ஆப்ஷன். இதைப் போட்டா சி கோட்ல இருக்கிற அசெர்ட், அதாவது தப்பு நடந்தா உடனே நிறுத்துற செக், எல்லாம் ஓடும். பைத்தான் மெதுவாகும், ஆகட்டும். அப்புறம் மேக் (make) -ஜே4, இதுதான் நாலு வேலையா ஒரே நேரத்துல பில்ட் பண்ற கமாண்ட்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மேக் எரர் இல்லாம முடியும், ஆனா கடைசியில சில மாட்யூல் கிடைக்கலைன்னு ஒரு லிஸ்ட் வரும். எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்கியூலைட்... டெஸ்ட் ஓட்டினா அந்த மாட்யூலோட டெஸ்ட் ஃபெயில் ஆகாது, ஸ்கிப் ஆகும். நீங்க எல்லாம் பச்சை, அதாவது பாஸ்னு நினைச்சுக்குவீங்க!

காரணம் சிம்பிள். லைப்ரரி மெஷின்ல இருக்கும், அதை வெச்சு கம்பைல் பண்ணத் தேவையான ஹெடர் ஃபைல் இருக்காது. அது டெவ்னு முடியுற பேக்கேஜ்ல வரும்: லிப்எஸ்எஸ்எல்-டெவ், சிடைப்ஸுக்கு லிப்எஃப்எஃப்ஐ-டெவ், எஸ்கியூலைட்டுக்கு லிப்எஸ்கியூலைட்3-டெவ். போட்டுட்டு மேக் மட்டும் ஓட்டினா பத்தாது. எது இருக்கு, எது இல்லைன்னு கண்டுபிடிக்கிறது கான்ஃபிகர்தான். அதுல இருந்து ஆரம்பிங்க.

ஓட்டும்போது டாட் ஸ்லாஷ் பைத்தான். டாட் ஸ்லாஷை விட்டா உங்க பில்ட் ஓடாது; பைத்தான்னு வேற கமாண்ட் மெஷின்ல இருந்தா அதுதான் ஓடும், உங்க மாத்தம் எங்க போச்சுன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. ஆப்பிள் மேக்ஓஎஸ்ல அந்த ஃபைல் பேரு பைத்தான் டாட் இஎக்ஸ்இ. சிரிக்காதீங்க, அதே இடத்துல பெரிய பி போட்ட பைத்தான்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, மேக்ஓஎஸ் ஃபைல் சிஸ்டம் வழக்கமா பெரிய எழுத்து சின்ன எழுத்து பிரிக்காது. மேக் இன்ஸ்டால் (make install) கமாண்ட் பக்கமே போகாதீங்க, தேவையே இல்லை.

கோடைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழு டெஸ்ட்டையும் -ஜே0 (எல்லா சிபியு கோரையும் பயன்படுத்தும்) போட்டு ஓட்டி, ஸ்கிப் லிஸ்ட்டோட சேர்த்து ஒரு ஃபைல்ல சேவ் பண்ணுங்க. அப்பதான் ஏற்கனவே உடைஞ்சது எது, நீங்க உடைச்சது எதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியும். அப்புறம் தனி பிராஞ்ச் போட்டு, நீங்க தொட்ட மாட்யூலோட டெஸ்ட் மட்டும் ஓட்டினா போதும். அப்ஸ்ட்ரீம் இழுத்த பிறகு புரியாத எரர் வந்தா, முதல்ல மேக் கிளீன் (make clean) போட்டு பழைய பில்ட் ஃபைலை அழிச்சுட்டு மறுபடி பில்ட் பண்ணிப் பாருங்க.