பயத்தில் ஏறுகிற பிரஷரும் நிஜமாக ஏறுகிற பிரஷரும்

முன்வரிசையில் கர்ப்பிணிகள் இருக்கிறீர்கள், பின்னால் அம்மாக்களும் மாமியார்களும். சுவரோரமாக நிற்கிற கணவன்மார்களும் வந்து உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்கும் வேலை இருக்கிறது.

என்னை இரத்த அழுத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை எப்படி அளக்கிறோம் என்பதை முதலில் பார்ப்போம். செக்கப் நாள். அரைகுறையாகச் சாப்பிட்டு, பஸ் பிடித்து, சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருக்கிறீர்கள். பாத்ரூம் போனால் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அதையும் அடக்கிக்கொள்கிறீர்கள். கூப்பிட்டதும் வேகமாக எழுந்து வந்து, எடை பார்த்து, நாற்காலி நுனியில் உட்காருகிறீர்கள். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே நர்ஸம்மா கேட்கிறார்: "இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் எண் வந்துவிடுகிறது. மேல் எண் 150. "என்னம்மா, இவ்வளவு இருக்கு?" என்கிறார். அடுத்த மாதம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்களுக்குப் படபடப்பு தொடங்கிவிடுகிறது.

நிரம்பிய சிறுநீர்ப்பை, பேச்சு, தொங்கும் கை, தடித்த கைக்குச் சின்னப் பட்டை, இவை ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும். பயம் அதற்கு மேல். 1983இல் இத்தாலியில் ஜூசெப்பே மான்சியா என்ற மருத்துவரின் குழு இதை அளந்தே காட்டியது. நோயாளிகளின் தமனிக்குள் நுண்குழாய் வைத்து அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்தார்கள். மருத்துவர் பக்கத்தில் வந்து அளக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் மேல் எண் சராசரியாக 27 புள்ளி ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. அதே குழு பின்னால் செவிலியரை அளக்க வைத்தபோது ஏற்றம் ஏறக்குறைய பாதிதான். அவர்கள் கர்ப்பிணிகள் அல்ல, ஆனாலும் உடம்பு ஒரே உடம்புதானே. அதனால், ஆஸ்பத்திரிக்கு வந்தால் பிரஷர் ஏறுகிறது என்று ஒரு பெண் சொன்னால் அது கற்பனை இல்லை.

சரி, அப்படியானால் கவலையில்லை என்று எழுந்து போய்விடலாமா? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. "அவளுக்குப் பயத்துல ஏறுது, ஒண்ணுமில்ல" என்று வீட்டில் சொல்கிறார்கள், சில நேரம் நாங்களும் சொல்கிறோம். யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. பயத்தினால்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறுகிற பெண்களிலும் ஒரு பகுதியினருக்குப் பிற்பாடு நிஜமாகவே ஏறுகிறது. அதனால் அவர்களை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகக் கவனிக்க வேண்டுமே தவிர, விட்டுவிடக் கூடாது.

நிரூபிக்க ஒரு மேல்கை மிஷினும் ஒரு நோட்டும் போதும். மணிக்கட்டில் கட்டுகிற மிஷின் வேண்டாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டையும் தரையில் வைத்து, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். டி.வி. வேண்டாம், போன் வேண்டாம், மாமியார் பேச்சுக்கும் பதில் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அந்த நோட்டால் யாருக்கும் பயனில்லை. கணவன்மார்களே, நோட்டு எழுதுவது உங்கள் வேலை.

ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை. வீட்டில் 135/85. நாலு மணி நேரமாவது விட்டு எடுத்தாலும் எல்லையைத் தாண்டியே இருந்தால் அது நிஜ ஏற்றம். கர்ப்பத்தின் நடுமாதங்களில் அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், கடைசி மாதங்களில் திரும்ப ஏறும். அதனால்தான் முதல் மூன்று மாதத்து எண் உங்கள் அட்டையில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறோம். 160/110 வந்தால் பயமா நிஜமா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். கால் மணி நேரத்தில் மறுபடி எடுங்கள். அப்படியே இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

எண் குறைவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், திடீரென முகமும் கையும் ஊதுவது, இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே வர வேண்டும். கால் மட்டும் மாலையில் வீங்கினால் பெரும்பாலும் பயமில்லை. சிறுநீர் சோதனையில் "உப்பு போகுது" என்று சொல்வது உண்மையில் புரதம். சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைப்பது நல்லதுதான், ஆனால் உப்பில்லாத கஞ்சி கொடுத்து கர்ப்பத்தில் வருகிற இந்த அழுத்த நோயைத் தடுக்க முடியாது. நாள் முழுக்கப் படுக்கவைப்பதும் தடுக்காது.

மாத்திரை என்றதும் "குழந்தைக்கு ஆகாது" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்ற பிரஷர் மாத்திரைகள் மூன்றும் கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறவை. நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில், அழுத்தம் மிக அதிகமாக இருந்த ஏறக்குறைய 900 கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்றையும் வாய்வழியே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. மூன்றுமே பயன்படத்தக்கவை என்று அது காட்டியது. ஆஸ்துமா இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லுங்கள், லேபெட்டலால் ஒத்துக்கொள்ளாது. கர்ப்பத்துக்கு முன்பே டெல்மிசார்டான், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். போன பிரசவத்தில் இந்தத் தொல்லை வந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மூன்றாவது மாதம் முடிகிறபோதே, இதைத் தடுக்கக் கொடுக்கிற குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். ஏழாம் மாதம் கேட்டால் காலம் கடந்துவிடும்.

இனி பயத்துக்கு வருகிறேன். "பயப்படாதே" என்று சொல்லி யாருக்கும் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. முந்தைய குழந்தை தங்காதவள், லேபர் வார்டில் திட்டு வாங்கியவள், எடை கூடியதற்காக எல்லார் முன்னாலும் ஏச்சு கேட்டவள், இவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "எனக்கு இங்கே வந்தால் ஏறும், கொஞ்சம் உட்கார்ந்தபிறகு இன்னொரு தடவை எடுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. நோட்டை நீட்டுங்கள். மாதாமாதம் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கிறது. கூட்டம் உங்களைப் படபடக்க வைக்குமானால் வேறு நாள் கேட்டு வாங்குங்கள். தூக்கமே வராமல், செக்கப்புக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றினால் அதற்கும் சிகிச்சை உண்டு. அழுத்தம் நிஜமாக ஏறுகிறபோது உடம்பு எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். போகாமல் இருந்தால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கடைசியாக மாமியார்களுக்கு. பிள்ளை பிறந்ததும் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரைதான் பல பேருக்கு அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. அழுத்தம் ஏறுவதால் வருகிற வலிப்பு அப்போதும் வரலாம். பச்சை உடம்புக்காரி தலை வலிக்கிறது என்றால், தலையில் நீர் கோத்திருக்கிறது என்று நெற்றியில் பற்றுப் போடுவதற்கு முன்னால் பிரஷர் பாருங்கள். ஆறு வாரம்வரை இதே கவனம் வேண்டும்.

வீட்டு மிஷினைக் கொண்டுவந்தவர்கள் அந்த மேசைக்கு வாருங்கள். எங்கள் மிஷினோடு ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதித் தருகிறோம்.