காமன் எரிந்தானா, டோனி ஸ்டார்க் செத்தானா?

நடுவர் அவர்களே, இந்த ஹட்டன் குளிரிலும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, கதவோரம் நின்றபடியே கேட்கும் தம்பிமாரே, வணக்கம்.

‘சூப்பர் ஹீரோ படங்கள் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று ரசிகர்கள் ஊகித்துக்கொண்டிருப்பது ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?’ இதுதான் தலைப்பு. வளர்க்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டாக்டர் டூம் என்ற சினிமா வில்லன் யார் என்று மூன்று மணித்தியாலம் வாதாடும் பிள்ளைகளைப் பார்த்து மனம் வெந்து பேசினார். ஐயா, உங்கள் வயதில் பாதி வயதுக்காரர்கள் மூன்று மணித்தியாலம் ஒரே விஷயத்தைப் பேசினார்கள் என்றால் நான் அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் தோட்டத்தில் கைபேசிக்கு ஒழுங்காக சிக்னல் கிடைப்பது ஓர் இடத்தில்தான். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள மேடு. 2021 நவம்பரில் ஒரு மாலை, பனிமூட்டம் இறங்கி எதிரில் நிற்பவன் முகம்கூடத் தெரியாத நேரம், அங்கே நாலு பேர் ஒரே கைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்தின் முன்னோட்டம் வந்திருந்தது. பிரேசில் நாட்டுக்கென்று வெளியிட்ட பதிப்பில் ஏதோ இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதைத் தேடிப் பிடித்திருந்தோம். பல்லி மனிதன் பாய்கிறான். பாயும்போதே அந்தரத்தில் அவன் முகம் ஒரு பக்கம் வெட்டித் திரும்புகிறது, யாரோ ஓங்கிக் குத்தியதுபோல. குத்தியவரைத்தான் காணவில்லை. நிறுத்தினோம், பின்னால் இழுத்தோம், மறுபடியும் ஓடவிட்டோம். கடைசியில் ஒரு தம்பி சொன்னான்: “அண்ணா, அந்த இடத்தில் ஓர் ஆள் இருந்திருக்கிறார். ஆளை அழித்துவிட்டு அடியை அழிக்க மறந்துவிட்டார்கள்.”

எங்கள் தாத்தா காலத்துப் பிள்ளைகள் சிவகாசிக் காமிக்ஸ் புத்தகத்தில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள். உடம்பு மறைந்தாலும் மாயாவிக்காவது கை தெரியும். இங்கே கையும் இல்லை, அடி மட்டும் இருந்தது. அந்த அடியை வைத்துக்கொண்டு, அடித்தவர் எங்கே நின்றிருப்பார், எவ்வளவு உயரம், எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்திருப்பார் என்று அந்தத் தம்பி மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் அவன் கடைசி வாங்கு. பாடத்தில் கவனமே இல்லை என்று பெயர் வாங்கியவன். நடுவர் அவர்களே, அன்று அவன் செய்ததைவிடக் கவனமான வாசிப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

டிசம்பரில் படம் வந்தது. அழிக்கப்பட்டவர்கள் வந்தார்கள், ஒருவர் அல்ல, இருவர்: பழைய படங்களில் ஸ்பைடர்மேனாக நடித்த டோபி மக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். அந்த வருடம் முழுவதும் பேட்டிக்குப் பேட்டி ‘நான் இந்தப் படத்தில் இல்லை’ என்று கார்ஃபீல்ட் முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைவிட அந்தப் பல்லியின் தாடை சொன்னதை என் தம்பி நம்பினான்.

எதிரணித் தலைவர் ஓர் அம்பு விட்டார். நல்ல அம்பு, ஒத்துக்கொள்கிறேன். “நம் மலையகத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறோம். சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார், காமன் எரிவான், ரதி அழுவாள், மூன்றாம் நாள் காமன் உயிர் பெறுவான். முடிவு தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் விடிய விடியப் பார்க்கிறோம். அதுதான் ரசனை. அடுத்து என்ன என்று அலைவது ரசனை அல்ல” என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், பக்கத்தில் இருந்த என் அணிக்காரர் முழங்கையால் இடிக்கும் வரைக்கும்.

ஆனால் ஐயா காமன் பொட்டலில் முன்வரிசையில் உட்கார்ந்து கூத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர, பின்வரிசைக்குப் போனதில்லை போலிருக்கிறது. நான் பின்வரிசை. அங்கே கிழவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்ன பேசுவார்கள் தெரியுமா? காமன் உண்மையில் எரிந்தானா, இல்லையா? எரிந்து சாம்பலானவன் எழுந்து வந்தால் அவன் பழைய காமன்தானா? ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்றால் அது உயிரா, நினைப்பா? தப்பு மேள ஓசையையும் மீறிக் கேட்கும் அந்தச் சண்டை. இந்தச் சண்டைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மேடையே போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். லாவணி என்று பெயர். ஒரு பக்கம் எரிந்த கட்சி, மறுபக்கம் எரியாத கட்சி. இரண்டு பக்கமும் பாட்டிலேயே கேள்வி கேட்டு, பாட்டிலேயே மடக்கும். நாம் இன்று நிற்கும் இந்தப் பட்டிமன்ற மேடைக்கு அது பெரியப்பன் முறை. முடிவு தெரிந்த கதைக்கே நம்மவர்கள் இரண்டு கட்சி கட்டியிருக்கிறார்கள். முடிவு தெரியாத கதைக்கு இந்தப் பிள்ளைகள் கட்டினால் மட்டும் குற்றமா?

இப்போது நடக்கும் சண்டையைப் பாருங்கள். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில் அயர்ன்மேன் என்ற நாயகன் டோனி ஸ்டார்க் விரலைச் சொடுக்கி எல்லோரையும் காப்பாற்றிவிட்டுச் செத்தான். அழாதவர்கள் கையை உயர்த்துங்கள். சரி, நீங்கள் படம் பார்க்காதவர். ஐந்து வருடம் கழித்து, 2024 ஜூலையில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்து காமிக் கான் விழா மேடையில் பச்சை அங்கியும் முகமூடியுமாக ஒருவர் வந்து நின்றார். முகமூடியைக் கழற்றினால், டோனியாக நடித்த அதே ராபர்ட் டவுனி ஜூனியர்! இந்தத் தடவை நாயகன் அல்ல, டாக்டர் டூம் என்ற வில்லன். அன்றிலிருந்து உலகம் இரண்டு கட்சி. இவன் வேறொரு பிரபஞ்சத்து டோனி ஸ்டார்க் என்கிறது ஒரு கட்சி. முகம் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றா, டோனி செத்தவன் செத்தவன்தான் என்கிறது மறு கட்சி. நடுவர் அவர்களே, எரிந்த கட்சி, எரியாத கட்சி. ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ 2026 டிசம்பர் 18 அன்று வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் லாவணிதான்.

இரண்டாவதாகப் பேசிய தங்கை வேறு விதமாக மடக்கினார். ஊகித்தவன் ஏமாறுகிறான், ஏமாந்த கோபத்தில் நல்ல படத்தையும் திட்டுகிறான் என்றார். உதாரணமும் சொன்னார். 2021இல் ‘வாண்டாவிஷன்’ தொடர் வாரத்துக்கு வாரம் வந்தபோது, இதோ மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வரப்போகிறான் என்று ரசிகர்கள் ஒவ்வொரு மூலையிலும் அவனைக் கண்டார்கள். ஒன்பது பகுதியும் முடிந்தது. சாத்தான் வரவில்லை.

தங்கைக்கு நான் பதில் சொல்வதற்கு முன், என் அம்மா சொல்லட்டும்.

அம்மா கொழுந்து பறித்தவர். மாலையில் மடுவத்தில் நிறுவைக்கு வரிசை நிற்கும். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தராசுக்கு இரண்டு பேர் முன்னால் வரும்போது அம்மா கொழுந்து மூட்டையை வலக் கையால் தூக்கி, முழங்காலில் ஒரு தரம் தட்டி, இறக்கிவிட்டு எனக்கு மட்டும் கேட்கும்படி ஓர் எண்ணைச் சொல்வார். ஒவ்வொரு நாளும் சொல்வார். அன்றைக்கு “இருபத்தொன்று” என்றார். பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ வேண்டும், குறைந்தால் அரைப்பேர். தராசில் வைத்தார்கள். “பதினேழு” என்று எழுதப் போனார் தராசுக்காரர். அம்மா மூட்டையை விட்டு நகரவில்லை. “திரும்பப் போடுங்கள்” என்றார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பப் போட்டபோது தராசு இருபது காட்டியது. கழிவு போகவும் முழுப்பேர்.

கவனியுங்கள், அம்மா சொன்னது இருபத்தொன்று. வந்தது இருபது. அம்மாவின் ஊகம் தவறு! எதிரணிக் கணக்குப்படி அம்மா ஏமாந்தவர். ஆனால் கையில் சொந்தமாக ஓர் எண் இல்லாமல் நின்றிருந்தால், அன்று பதினேழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

ரசிகனின் ஊகம் இதுதான், தங்கையே. படம் வருவதற்கு முன்னால் அதைக் கையில் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பது. சரியாகச் சொல்லிப் பரிசு வாங்குவதற்காக அல்ல. வாரக்கணக்கில் சாத்தானைத் தேடிச் சுவர்க்கடிகாரம் முதல் விளம்பரப் பலகை வரைக்கும் துருவியவன் கண்ணில்தான் பட்டது, அந்த வீட்டில் சாத்தான் இல்லை, காதலனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் துக்கம்தான் ஊரையே பிடித்து வைத்திருக்கிறது என்பது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது வெறும் மந்திரக் கதை. ஊகித்தவன் ஒரு கிலோ தவறினான், அவ்வளவுதான்.

தராசு பிடிப்பவர், அதாவது இந்தப் படங்களை எடுக்கும் மார்வெல் நிறுவனத்தார், மட்டும் தவறாதவரா என்ன? காங் என்ற வில்லனை மையமாக வைத்து ஓர் அவெஞ்சர்ஸ் படம் 2025 மே மாதம் வரும் என்று 2022இல் பெரிய எழுத்தில் அறிவித்தார்கள். காங்காக நடித்தவர் 2023 டிசம்பரில் ஒரு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி நீக்கப்பட்டார். காங் போனான், டூம் வந்தான். அதே 2023இல் ‘தி மார்வெல்ஸ்’ உலகம் முழுவதும் ஏறக்குறைய 206 மில்லியன் டொலர் வசூலோடு மார்வெல் பட வரிசையிலேயே கடைசிக்கு இறங்கியது. நான்கு வருடம் முன்னால் ‘எண்ட்கேம்’ ஏறக்குறைய 2.8 பில்லியன் டொலர் எடுத்த அதே வரிசைதான். கோடிக்கணக்கில் பணம் போட்டு, அறை நிறைய ஆட்களை உட்காரவைத்து அவர்கள் போட்ட திட்டமும் ஊகம்தான். அது பொய்த்தால் ‘உத்தி மாற்றம்’ என்கிறீர்கள், கோயில் மேட்டில் குந்தியிருக்கும் பையனுடையது பொய்த்தால் ‘வீண் பேச்சு’ என்கிறீர்கள்.

மூன்றாவதாகப் பேசிய ஆசிரியர் ஒன்று சொன்னார், அதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் அணித் தலைவர் முறைக்கிறார், பரவாயில்லை. ரசிகர் சொல்லைக் கேட்டுக் கதை எழுதினால் கதை கெடும் என்றார். உண்மை. 1988இல் பேட்மேன் காமிக்ஸில் அவனுடைய சின்னத் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகவேண்டுமா, பிழைக்கவேண்டுமா என்று வாசகர்களிடமே தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஓர் அழைப்புக்கு 50 சதம். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒரு பிள்ளையைக் கொன்றார்கள். பிறகு பல வருடம் கழித்து அவனையும் எழுப்பிக்கொண்டு வந்தார்கள் என்பது வேறு கதை, காமன் வழிதான். ஆனால் ஐயா, அது ஊகமா? அது உத்தரவு. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது ஒன்று, மழையை நிறுத்து என்று வானத்தை அதட்டுவது இன்னொன்று. படப்பிடிப்பில் எடுத்த படத்தைக் களவாக வெளியிடுகிறானே, அவனையும் எங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள். அவன் விடைத்தாளைத் திருடுகிறவன், நாங்கள் கணக்குச் செய்கிறவர்கள்.

நிறுவனங்கள் நம் ஊகத்தை இலவச விளம்பரமாக ஆக்கிக்கொள்கின்றன என்றும் சொன்னார். ஆக்கிக்கொள்கின்றன. 2025 மார்ச் மாதம் ‘டூம்ஸ்டே’ படத்துக்காக, நடிகர் பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் காட்டி ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் நேரலை ஓட்டினார்கள். 27 பெயர். வேறொன்றுமில்லை, நாற்காலி. அதை முழுவதும் உட்கார்ந்து பார்த்த ஒருவனை எனக்குத் தெரியும். வேலைக்குப் போகாமல் பார்த்தான். அவன் பெயரை இங்கே சொல்ல விருப்பமில்லை, அவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆனால் விற்பவன் லாபம் பார்க்கிறான் என்பதற்காக வாங்குபவன் தூக்கிப் பார்க்கக்கூடாது என்று யாராவது சொல்வார்களா? அப்போதுதான் இரண்டு தரம் தூக்கிப் பார்க்கவேண்டும்.

முதல் மணி அடித்துவிட்டது. இரண்டாவது மணிக்கு முன்னால் ஒரு சின்ன வேலை.

நடுவர் அவர்களே, நீங்கள் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள் என்று எங்கள் அணியில் மூன்று பேரும் பஸ்ஸில் வரும்போதே கணித்தோம். நீங்கள் ஒருவர் பேசும்போது எழுதிக்கொள்கிறீர்கள், ஒருவர் பேசும்போது கண்ணாடியைத் துடைக்கிறீர்கள். அதையெல்லாம் இங்கே வந்த பிறகு சேர்த்துக்கொண்டோம். என் கணிப்பு இந்தத் துண்டில் இருக்கிறது. உங்கள் தண்ணீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிறேன். தீர்ப்புச் சொன்ன பிறகு பிரியுங்கள். தவறாக இருந்தால் எங்கே தவறினேன் என்று நாளைக்கு வீட்டுக்கு வந்து கேட்பேன். மற்ற இரண்டு பேரின் துண்டும் அவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது. மூன்றும் ஒன்றாக இருக்காது, நாங்கள் பஸ்ஸிலேயே சண்டை பிடித்துவிட்டோம்.

நன்றி, வணக்கம்.