இருமினா யூரின் கசியுது, கெகல் பயிற்சி செஞ்சும் நிக்கலையே?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "எனக்கு 46 வயசு. ரெண்டும் சுகப்பிரசவம். இருமினா, தும்மினா யூரின் கசியுது. இப்ப கொஞ்ச நாளா, போகணும்னு தோணினா பாத்ரூம் கதவைத் திறக்கறதுக்குள்ளயே வந்துடுது. கெகல் பயிற்சி ஒரு மாசம் செஞ்சேன், பலன் இல்லை. பயந்துபோய் தண்ணி குடிக்கறதையே குறைச்சுட்டேன். வயசானா இப்படித்தானா?"

இல்லம்மா. வயசு ஏற ஏற இது அதிகமாகறது உண்மைதான். அதுக்காக சகிச்சுக்கிட்டு இருக்கணும்னு இல்லை.

நீங்க சொன்னதுல ரெண்டு விதமான கசிவு இருக்கு. இருமும்போது வர்றது அழுத்தக் கசிவு. சிறுநீர்ப்பையை அடியில இருந்து தாங்குற இடுப்புத்தளத் தசை தளர்ந்துபோச்சு, வயித்துல திடீர்னு அழுத்தம் ஏறும்போது சிறுநீர்க்குழாய் மூடி நிக்க முடியலை. ரெண்டாவது அவசரக் கசிவு. இங்க பை நிறையறதுக்கு முன்னாடியே அதோட சுவர்த்தசை தானா சுருங்குது. ரெண்டும் சேர்ந்து வர்றதும் சகஜம். ஆனா வைத்தியம் வேற வேற, அதனாலதான் முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்.

தசை தளர பிரசவம் மட்டும் காரணம் இல்லை. உடல் எடை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல்ல முக்குறது, தினமும் கனம் தூக்கறது எல்லாமே அதே தசையைத்தான் கீழ தள்ளுது. உங்க வயசுல ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறைய ஆரம்பிக்கும், சிறுநீர்க்குழாயோட உள்சவ்வு மெலிஞ்சுடும். சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லைன்னாலும், யூரின் இன்ஃபெக்ஷன் இருந்தாலும் அவசரம் கூடும். மாத்திரைகளை நிறைய பேர் யோசிக்கறதே இல்லை. பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மருந்து எடுக்கறவங்க சிலருக்கு வறட்டு இருமல் வரும், அந்த இருமல்ல கசியும். பிரசோசின்ங்கற இன்னொரு பிரஷர் மருந்து சிறுநீர்க்குழாயையே தளர்த்தும். நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்க.

இப்ப கெகல், அதாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடற பயிற்சி. ஒரு மாசம் போதாது, குறைஞ்சது 3 மாசம் விடாம செய்யணும். அதைவிட முக்கியம், சரியான தசையைத்தான் இறுக்கறீங்களாங்கறது. யூரின் போயிட்டு வந்து, முழங்காலை மடக்கிப் படுங்க. வாயுவையும் யூரினையும் ஒரே நேரத்துல அடக்கற மாதிரி உள்பக்கமா, மேல்நோக்கி இழுங்க. வயிறு, தொடை, பிட்டம் தளர்வா இருக்கணும், மூச்சை அடக்கக் கூடாது. சுத்தமான விரலைப் பிறப்புறுப்புக்குள்ள வெச்சுப் பாருங்க. விரலைச் சுத்தி இறுகி மேல தூக்கினா சரி. விரல் வெளிய தள்ளப்பட்டா நீங்க முக்கறீங்க, அது நிலைமையை மோசமாக்கும். பலன் இல்லைன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் இந்தத் தப்பைத்தான் செய்யறாங்க.

முதல்ல 3 விநாடி பிடிங்க, அதே அளவு ஓய்வு. மெல்ல மெல்ல 10 விநாடிக்கு ஏத்துங்க. ஒரு தடவைக்கு 8 முறை, ஒரு நாளைக்கு 3 தடவை. யூரின் போகும்போது பாதியில நிறுத்திப் பழகாதீங்க, பை முழுசா காலியாகாமப் போகும். இருமலோ தும்மலோ வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே, அதுக்கு ஒரு நொடி முன்னாடி இறுக்கிடுங்க. இது பழகிட்டாலே கசிவு நல்லா குறையும்.

அவசரக் கசிவுக்குப் பைக்குப் பயிற்சி கொடுக்கணும். 3 நாள் ஒரு தாள்ல எழுதுங்க: எத்தனை மணிக்குப் போனீங்க, எத்தனை மில்லி, எப்ப கசிஞ்சது, என்ன குடிச்சீங்க. இப்ப ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போறீங்கன்னா, 1 மணி 15 நிமிஷமாக்குங்க. அது பழகினதும் இன்னும் 15 நிமிஷம். இப்படியே 3 மணி நேர இடைவெளி வரைக்கும் போகலாம், குறைஞ்சது 6 வாரமாவது செய்யணும். அவசரம் வந்தா ஓடாதீங்க. நின்னு அல்லது உட்கார்ந்து அந்தத் தசையை அஞ்சாறு தடவை வேகமா இறுக்கி விடுங்க, உந்துதல் தணிஞ்சதும் நடந்து போங்க. "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்"னு தோணாமலே போற பழக்கம் இருந்தா விடுங்க, பை கொஞ்சத்துக்கே அவசரப்படப் பழகிடும்.

தண்ணியைக் குறைச்சது தப்பு. யூரின் அடர்த்தியாகி பையை உறுத்தும், மலச்சிக்கலும் வரும். இதயம், கிட்னி பிரச்சினைக்காக டாக்டர் அளவு சொல்லலைன்னா, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்ல இருந்து ரெண்டு லிட்டர் வரைக்கும் குடிங்க. காபி, டீயைத்தான் குறைக்கணும். எடை அதிகமா இருந்தா, 100-க்கு 5-ல இருந்து 10 பங்கு குறைஞ்சாலே வித்தியாசம் தெரியும்.

இதோட ஒரு மகப்பேறு டாக்டரைப் பாருங்க. யூரின் டெஸ்ட், சர்க்கரை, யூரின் போன பிறகு பையில எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு ஒரு ஸ்கேன், இவ்வளவுதான் ஆரம்பத்துல. தேவைப்பட்டா பிறப்புறுப்புல தடவற ஈஸ்ட்ரோஜன் கிரீம், அவசரத்தை அடக்கற மாத்திரை, பிறப்புறுப்புக்குள்ள தாங்கலா வைக்கற பெசரிங்கற வளையம், கடைசியா ஆபரேஷன்.

யூரின்ல ரத்தம் வந்தாலோ, பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ அப்புறம் ராத்திரி பகல் நிக்காம ஒழுகினாலோ பயிற்சி செஞ்சு பார்ப்போம்னு காத்திருக்காதீங்க. முதுகுவலியோட கால் பலம் குறைஞ்சு, தொடை நடுவுல மரத்துப்போய், யூரின் கட்டுப்பாடு திடீர்னு போச்சுன்னா அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போங்க.