அக்டோபர் 2 கிராம சபைக்கு வாருங்கள்

தலைமை தாங்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, சால்வை போட்ட இளைஞர் மன்றத் தம்பிகளே, காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மகளிர் குழு அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம். பந்தல் போட்ட அண்ணனை எந்த மேடையிலும் சொல்வதில்லை, அவருக்கும் வணக்கம்.

கல்குவாரியால் வரும் தண்ணீர், தூசி, கூலி என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். "நுங்கு தின்றவன் ஓடிப்போனான், நோண்டித் தின்றவன் மாட்டிக்கொண்டான்" என்று எங்கள் அப்பத்தா சொல்லும். கல்குவாரிக்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது.

எங்கள் பெரியம்மாவுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை, ஒரு கிணறு. பக்கத்துப் பாறையில் குவாரி வந்தது. மத்தியானம் சங்கு ஊதும், மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓட வேண்டும், அப்புறம் வெடி. குழி ஆழமாக ஆக, ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்தார்கள். பெரியம்மா கிணற்றுக்கு வர வேண்டிய ஊற்று அது. மூன்றாம் வருஷம் கிணற்றில் பாறை தெரிந்தது. சரி, தண்ணீரை விலைக்கு வாங்கியாவது செடியைக் காப்பாற்றினார், மொட்டெல்லாம் வெள்ளைப் பொடி. விடியுமுன் பறித்த பூவைக் கடைக்காரர் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பூவுக்குப் பவுடர் போட்டுக் கொண்டாந்திருக்க?" என்று பாதி விலை சொன்னாராம். பெரியம்மா கொடுக்கவில்லை. கூடையோடு திரும்பி வந்து, தெருவில் இருந்த பிள்ளைகள் தலையிலெல்லாம் வைத்துவிட்டார். கல் நாலுவழிச் சாலைக்குப் போனது, பெரியம்மா வீட்டுப் பாதை இன்னும் செம்மண். நுங்கு தின்றவன் ஓடிப்போனான்!

தூசியையும் கூலியையும் இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். இன்றைக்கு எனக்குக் கிராம சபைதான் முக்கியம். ஒடிசாவில் நியாம்கிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்ட வந்தார்கள். டோங்ரியா கோண்ட் பழங்குடி மக்களின் சாமி இருக்கும் மலை அது. கிராம சபையைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 12 ஊர் கூடியது, 12 ஊரும் வேண்டாம் என்றது, 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. காட்டில் வாழும் மக்களின் உரிமையைக் காக்கும் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றது. நம் ஊர்க் குவாரிக்குக் கிராம சபை ஒப்புதல் கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கு என்றுதான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் ஊர் திரண்டு நின்றதால்தான் 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானது.

அக்டோபர் 2-ஆம் தேதி வாருங்கள். குவாரிக்குக் கிராம சபை ஒப்புதலைக் கட்டாயமாக்கு என்ற தீர்மானத்தை எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். பெரியம்மாவும் வருகிறார்.