எல்லோரையும் மாற்றுங்கள், ஒருவரைத் தேடிப்பிடித்து நீக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் ஆட்சி மாறும்போது, முந்தைய அதிபர் நியமித்த ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களைப் புதிய அதிபர் மாற்ற வேண்டுமா, கூடாதா? மாற்றத்தான் வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று அச்சங்களைச் சொன்னார். நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் நின்றுபோகும், அதிபருக்கு வேண்டியவர்கள் தப்பிவிடுவார்கள், நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் என்றார். மூன்றும் நியாயமான அச்சங்கள்தான். ஆனால் ஆபத்து இருக்கும் இடம் வேறு.

முதலில் இந்தப் பதவி என்ன என்று பார்த்துவிடுவோம். 'யு.எஸ். அட்டர்னி' என்ற இந்த ஃபெடரல், அதாவது மத்திய அரசு வழக்கறிஞர் பதவி 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. இன்று 94 ஃபெடரல் நீதி மாவட்டங்கள் உள்ளன. அட்டர்னிகள் 93 பேர், ஏனென்றால் குவாமுக்கும் வடக்கு மரியானா தீவுகளுக்கும் சேர்த்து ஒருவர்தான். அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, பதவிக்காலம் 4 ஆண்டு. அதிபர் விரும்பினால் நீக்கலாம் என்பதும் பதவிக்காலத்தைச் சொல்லும் இன்றைய சட்டப்பிரிவிலேயே இருக்கிறது. அலபாமாவில் பார்சன்ஸ் என்ற அட்டர்னி அப்படி நீக்கப்பட்டபோது, 'என்னுடைய 4 ஆண்டு இன்னும் முடியவில்லையே' என்று வழக்குப் போட்டார். 1897-இல் உச்ச நீதிமன்றம் அதிபர் பக்கமே தீர்ப்பளித்தது. அதிகாரம் உண்டா என்ற கேள்வி அன்றோடு முடிந்தது. அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் மிச்சம்.

'சட்டம் ஒன்றுதானே, அதை நடத்துகிறவரை யார் நியமித்திருந்தால் என்ன?' என்று எதிரணியில் கேட்டார்கள். ஒரே ஒரு குற்றப்பத்திரிகையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 5 கிலோ கொக்கெய்ன் என்று அதில் எழுதினால், குற்றம் நிரூபணமானதும் குறைந்தது 10 ஆண்டு சிறை. நீதிபதிக்கே மனமிரங்கினாலும் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. எடையை எழுதாமல் விட்டால் அந்தக் கட்டாயத் தண்டனை வராது. வன்முறையில்லாத, கும்பல் தொடர்பில்லாத கீழ்மட்ட ஆட்களின் வழக்கில் எடையை எழுத வேண்டாம் என்று 2013 ஆகஸ்டில் ஒபாமாவின் அட்டர்னி ஜெனரல், அதாவது இந்த அட்டர்னிகளுக்கெல்லாம் மேலே இருக்கும் நீதித்துறைத் தலைவர், எரிக் ஹோல்டர் சுற்றறிக்கை விட்டார். 2017 மே மாதம் டிரம்ப்பின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதை ரத்து செய்து, நிரூபிக்க முடிந்த குற்றங்களில் மிகக் கடுமையானதையே சுமத்தச் சொன்னார். 2022 டிசம்பரில் பைடனின் அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்ட் மறுபடி தளர்த்தினார். 5 கிலோவுக்கு 10 ஆண்டு என்ற சட்ட வரி மூன்று பேர் காலத்திலும் அப்படியேதான் இருந்தது.

சுற்றறிக்கையில் கையெழுத்து விழுவது வாஷிங்டனில். அதை வழக்குக்கு வழக்கு செயல்படுத்துகிறவர் மாவட்டத்தில் இருக்கும் அட்டர்னி. எந்த வழக்குக்கு விதிவிலக்கு என்று முடிவு செய்வதும் அவரும் அவருக்குக் கீழே இருக்கும் மேற்பார்வையாளர்களும்தான். அந்தக் கொள்கையில் நம்பிக்கை இல்லாதவர் அங்கே இருந்தால், விதிவிலக்குகளாலேயே அதை ஒன்றுமில்லாமல் செய்துவிட முடியும். மக்கள் வாக்களித்து ஒரு கொள்கையைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதை நிறைவேற்றும் 93 இடங்களிலும் தோற்றுப்போன கொள்கையின் ஆட்களை வைத்திருப்பது எந்த வகையில் ஜனநாயகம்?

இனி வழக்குகள் நின்றுபோகும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். நடுவர் அவர்களே, அட்டர்னியே தினமும் நீதிமன்றத்தில் நின்று வாதாடுவதில்லை. சாட்சிகளை விசாரிப்பது, ஆவணங்களைக் கேட்டு வாங்குவது, குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் வழக்கை வைப்பது எல்லாம் 5,000-க்கும் மேற்பட்ட உதவி அட்டர்னிகளின் வேலை. அவர்கள் ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகிறவர்கள் அல்லர். அவர்கள்மீது கை வைத்தால் எதிரணியோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

1993-ஐப் பாருங்கள். பில் கிளிண்டன் பதவியேற்ற சில வாரங்களில், மார்ச் மாதம், அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ எல்லா அட்டர்னிகளிடமும் ராஜினாமா கேட்டார். பெரிய கூச்சல் எழுந்தது. காரணம், தலைநகர் வாஷிங்டனின் அட்டர்னி ஜே ஸ்டீவன்ஸ் அப்போது டான் ரோஸ்டென்கோவ்ஸ்கியை விசாரித்துக்கொண்டிருந்தார். ரோஸ்டென்கோவ்ஸ்கி கிளிண்டனின் ஜனநாயகக் கட்சிக்காரர், பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர். கிளிண்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அவர் கையைத் தாண்டாமல் போக முடியாது. முக்கிய முடிவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்று ஸ்டீவன்ஸ் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் போனார். வழக்கு செத்தது என்று எழுதினார்கள்.

வழக்கு சாகவில்லை. கிளிண்டனே நியமித்த அடுத்த அட்டர்னி, பின்னாளில் அட்டர்னி ஜெனரலான அதே எரிக் ஹோல்டர், 1994 மே மாதம் ரோஸ்டென்கோவ்ஸ்கிமீது 17 குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். ரோஸ்டென்கோவ்ஸ்கி அந்த நவம்பர் தேர்தலில் தோற்றார், 1996-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 17 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆட்சி மாறியும், ஆள் மாறியும், குற்றவாளி ஆளுங்கட்சிக்காரராக இருந்தும் வழக்கு நடந்தது. கோப்பும் அதைத் தயாரித்தவர்களும் அதே அலுவலகத்தில் இருந்தார்கள்.

இப்போது 2006-க்கு வாருங்கள். டிசம்பர் 7 அன்று ஏழு அட்டர்னிகளுக்குத் தொலைபேசியில் ராஜினாமா செய்யச் சொல்லி உத்தரவு போனது. இந்த ஏழு பேரும் முந்தைய ஆட்சியின் ஆட்கள் அல்லர். அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே நியமித்தவர்கள். நியூ மெக்சிகோவின் டேவிட் இக்லேசியாஸ் அவர்களில் ஒருவர். ஒரு ஊழல் வழக்கில் நவம்பர் தேர்தலுக்கு முன் குற்றப்பத்திரிகை வருமா என்று செனட்டர் பீட் டொமெனிச்சி தன் வீட்டுக்கே போன் செய்து கேட்டதாகவும், வராது என்றதும் போனை வைத்துவிட்டதாகவும் அவர் செனட்டில் சாட்சியம் சொன்னார். டொமெனிச்சியை செனட் நெறிமுறைக் குழு 2008-இல் கண்டித்தது. அட்டர்னி ஜெனரல் ஆல்பர்டோ கொன்சாலஸ் அதற்கு முன்பே, 2007 ஆகஸ்டில், பதவி விலகலை அறிவித்துவிட்டார்.

எதிரணி நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீதியின் கையைக் கட்டுவது எது? ஆட்சி தொடங்கும்போது யாருடைய வழக்கு எது என்று பார்க்காமல் எல்லோரையும் அனுப்புவதா? நடுவில், இன்னாரை மட்டும், இன்ன வழக்குக்காக என்று பொறுக்கி எடுத்து நீக்குவதா? எல்லோரையும் அனுப்பும்போது எவருக்கும் தனிச் செய்தி இல்லை. ஒருவரை மட்டும் அனுப்பும்போது மிச்சமிருக்கும் 92 பேருக்கும் செய்தி போய்விடுகிறது.

'அப்படியானால் நல்லவர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாமே' என்பீர்கள். வைத்துக்கொள்ளப்பட்டவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நியூயார்க்கின் தெற்கு மாவட்ட அட்டர்னி ப்ரீத் பராராவை 2016 நவம்பரில் டிரம்ப் நேரில் அழைத்துப் பேசினார். தொடரும்படி கேட்டதாகவும் தான் சம்மதித்ததாகவும் பராரா வெளியே வந்து சொன்னார். 2017 மார்ச் 10 அன்று, ஒபாமா நியமித்தவர்களில் மிச்சமிருந்த 46 பேரிடமும் செஷன்ஸ் ராஜினாமா கேட்டார். பராரா மறுத்தார், மறுநாள் நீக்கப்பட்டார். இடையில் இருந்த அந்த மாதங்களில் அவருடைய நாற்காலி வெறும் வாய்ச்சொல்லில் நின்றது. புதிய அதிபரின் நியமனமும் இல்லை, செனட்டின் புதிய ஒப்புதலும் இல்லை. எந்த நாளும் போகலாம் என்ற நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு அவரைச் சுதந்திரமானவர் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது அச்சம், காலி நாற்காலி. இதில் எதிரணிக்குப் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எஃப்.பி.ஐ. பின்னணி விசாரணை, அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் நீலச்சீட்டில் தரும் சம்மதம், செனட் நீதித்துறைக் குழு, பிறகு முழு செனட் என்று ஒரு நியமனம் முடியவே மாதங்கள் ஆகும். அதற்குத்தான் சட்டம் பாலம் போட்டிருக்கிறது. காலியிடங்கள் சட்டப்படி முதல் உதவி அட்டர்னி தற்காலிகமாக 210 நாள் பொறுப்பில் இருக்கலாம். புதிய ஆட்சியின் தொடக்கத்தில் அது 300 நாளாக நீளும். இல்லையென்றால் அட்டர்னி ஜெனரல் 120 நாளுக்கு ஒருவரை அமர்த்தலாம், அதற்குப் பின் அந்த மாவட்ட நீதிமன்றமே நியமிக்கும். இந்த 120 நாள் வரம்பை 2006-இல் ஒரு சட்டத்திருத்தம் எடுத்துவிட்டது. ஏழு பேர் நீக்கத்துக்குப் பிறகு, 2007-இல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

பாலத்தில் ஒழுங்காக நடந்தால் சிக்கல் இல்லை. தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதை வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்டம் காட்டியது. டிரம்ப் ஆட்சியே அமர்த்திய எரிக் சீபர்ட் 2025 செப்டம்பரில் வெளியேறினார். அவர் விலகவில்லை, நானே நீக்கினேன் என்றார் டிரம்ப். அந்த இடத்துக்கு லிண்ட்சே ஹாலிகனை அட்டர்னி ஜெனரல் நியமித்தார். 120 நாள் வாய்ப்பு சீபர்ட் காலத்திலேயே தீர்ந்துவிட்டது, ஆகவே இந்த நியமனம் செல்லாது என்று நவம்பர் 24 அன்று நீதிபதி தீர்ப்பளித்தார். எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி, நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் இருவர்மீதும் ஹாலிகன் கொண்டுவந்த குற்றப்பத்திரிகைகள் தள்ளுபடியாயின. இதுவும் முந்தைய ஆட்சியின் ஆளை மாற்றியதால் வந்த வினை அல்ல. தன் ஆளையே நடுவில் மாற்றியதால் வந்தது.

கடைசியாக, எதிரணியின் வலுவான உதாரணம் டெலவேரின் டேவிட் வைஸ். டிரம்ப் நியமித்தவர், பைடனின் மகனை விசாரித்தவர். 2021-இல் மற்றவர்களில் பெரும்பாலோரை அனுப்பிய பைடன் ஆட்சி இவரை விட்டுவைத்தது, 2023 ஆகஸ்டில் சிறப்பு வழக்கறிஞராகவும் ஆக்கியது. அது சரியான முடிவு. அதிபர், அவர் குடும்பம், அவர் பிரசாரக் குழு சம்பந்தப்பட்ட வழக்கு இருந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் பழையவரிடமே எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்க வேண்டும். மற்ற அட்டர்னிகளுக்கு முறையாகச் சில வாரம் அவகாசம் கொடுத்து, பொறுப்பை முதல் உதவி அட்டர்னியிடம் கைமாற்றச் சொல்லி, புதிய பெயர்களை உடனே செனட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு விதிவிலக்கோடு எங்கள் அணியின் வாதத்தைத் தங்கள் தீர்ப்புக்கு வைக்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.