ட்ரம்பெட்தான் ஆம்ஸ்ட்ராங்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் இன்றும் நிலைத்து நிற்பது ட்ரம்பெட் என்ற ஊதுகருவியாலா, குரலாலா? ட்ரம்பெட்டால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

குரலே என்று வாதிட்ட எதிரணி அம்மையார், ஆம்ஸ்ட்ராங் பாடிய ‘ஹலோ, டாலி!’ பாட்டைச் சொன்னார். 1964-இல் அது பீட்டில்ஸையே அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது அவருக்கு 62 வயது. அதற்கு 36 வருடம் முன்பே அவர் ஜாஸ் இசையின் போக்கை மாற்றிவிட்டார்.

நியூ ஆர்லியன்ஸில் புத்தாண்டு இரவில் துப்பாக்கியால் சுட்டதற்காகச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 11 வயதுப் பையன், அங்கேதான் ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட்டை முறையாகக் கற்றான். 1922-இல் இசைக்குழுத் தலைவர் கிங் ஆலிவர் அவரைச் சிகாகோவுக்கு அழைத்தது இரண்டாவது கார்னெட் வாசிக்க. பாடுவதற்கு அல்ல!

அப்புறம் 1928 ஜூன் 28. ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ பதிவாகிறது. தொடக்கத்தில் பியானோ இல்லை, தாளம் இல்லை, துணைக்கு ஒருவரும் இல்லை. ட்ரம்பெட் மட்டும் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, அங்கிருந்து சுழன்று சுழன்று இறங்குகிறது. கால் நிமிடம்கூட இல்லை. கடைசிப் பகுதியிலோ ஒரே உச்ச சுரத்தை ஏறத்தாழ நான்கு தாளச் சுற்றுக்கு விடாமல் பிடிக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது. எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் இசையாக இருந்த ஜாஸில், தனி ஒருவர் முன்னால் வந்து தன் கற்பனையை விரிக்கலாம் என்பதை அந்த வருடங்களின் வாசிப்புதான் நிலைநாட்டியது.

அதே பதிவில் அவர் பாடுகிறாரே என்பீர்கள். பாடுகிறார், சரி. எப்படி? சொற்களே இல்லாமல், கிளாரினெட்டுக்குப் பதில் சொல்லும் இன்னொரு வாத்தியமாக! தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வந்து சேர்கிற அந்த அழகு முழுக்க ட்ரம்பெட்காரருடையது. அம்மையார் கொண்டாடுகிற குரலுக்கே குரு அந்தக் கருவிதான். அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது: உதடு வெடித்து, தழும்பேறி, வாசிக்க முடியாமல் மாதக்கணக்கில் ஓய்ந்திருந்து, மறுபடியும் எடுத்து ஊதினார்.

கடைசியாக ஒன்று. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் உலக இசையைத் தேர்ந்தெடுத்து தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் அனுப்பினார்கள். அதில் ஆம்ஸ்ட்ராங்கும் உண்டு: 1927-இல் பதிவான ‘மெலங்கலி ப்ளூஸ்’. அதில் அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. குரல்தான் ஆம்ஸ்ட்ராங் என்றால், அங்கே ஏன் அது போகவில்லை? எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும்.